கேரம் போர்டுக்கு ஒரு கண்ணாடி

ஜெயராணிக்குக் கப்பல் தெரிந்தது. அலுவலகத்து மாடியில் நின்றால், துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலின் பெயரைத் தடங்கலில்லாமல் படித்துவிடுவாள். ஃபைலும் தெரிந்தது. கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் பொடி எழுத்துச் சர்க்குலர்கூட முத்து முத்தாக நிற்கும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கேரம் போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிவப்புக் காய். மேல்பாதியில் பார்த்தால் அது பஞ்சு. கீழ்ப்பாதியில் பார்த்தால் தண்ணீரில் கரைந்த குங்குமம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலோ ஒன்று ஒன்றரையாகிவிடும். எதை அடிப்பது, அந்த ஒன்றையா, கூட ஒட்டிக்கொண்டு வந்த அரையையா?

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்த மனுஷிக்கு இப்படி ஒரு சோதனை வரலாமா என்று கேட்பீர்கள். வந்தது. அதுவும் வரக்கூடாத நேரத்தில் வந்தது.

ஜெயராணி பொதுப்பணித் துறையில் சீனியர் கிளார்க். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர்மென்ட். அதற்கு முன்னால் பிப்ரவரியில் அரசுத் துறைகளுக்கிடையே கேரம் போட்டி. பெண்கள் டபுள்ஸில் அவளும் தங்கம்மாவும் பதினான்கு வருஷமாக ஒரே ஜோடி. தங்கம்மா அதே அலுவலகத்தில் பியூன். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் வழி விசாரித்துக்கொண்டு போவதுபோல் நேராகக் குழிக்குள் போகும். அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியின் வீட்டில் இருப்பதெல்லாம் நாலு ரன்னர் கோப்பைகள். பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை. சிங்கிள்ஸ் ஆட அவளுக்குக் கூச்சம். டபுள்ஸ் என்றால்தான் உட்காருவாள்.

கடைசி மூன்று பைனலும் யாரால் தோற்றது? ஊருக்கே தெரியும். கண்ணில் புரை படர்ந்து, கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சாம்பலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயராணியால்தான். போன வருஷம் எதிர்ஜோடியின் கறுப்புக் காயை அவ்வளவு நேர்த்தியாகக் குழிக்குள் தள்ளிவிட்டுக் கையை வேறு உயர்த்தினாள் மகராசி. ஹாலே கைதட்டியது, எதிர்ஜோடிக்காக. தங்கம்மா திட்டவில்லை. “அழகான அடிக்கா,” என்று மட்டும் சொன்னாள். அதைத்தான் ஜெயராணியால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

அக்டோபரில் சென்னையில் இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “ஒரு மாசம் பொறுங்க. கண்ணு நிலைக்கு வரட்டும். மிச்சம் எவ்வளவு பவர் நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் கண்ணாடி போடலாம்.” தீவுக்காரர்களுக்கு ஆற அமர என்று ஒன்று ஏது? கப்பல் கிளம்புகிற நாள்தான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். புருஷன் உதயசூரியன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் கப்பலேறுவதற்கு முதல் நாளே ஏதோ ஒரு கடையில் அவசரக் கண்ணாடி போட்டு வாங்கிவிட்டார். ஊர் வந்து சேர்ந்தபோது அந்தக் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் ஏழாம் பொருத்தம்.

டவுனில் ஒரு கண் கிளினிக்கில் பவர் பார்க்கிற அகிலா அதை வாங்கி ஓரமாக வைத்தாள். டிசம்பரில் புதிதாகச் சோதித்து, தூரத்துக்கும் படிப்பதற்குமாக வேறு கண்ணாடி எழுதிக்கொடுத்தாள். உலகம் பளிச்சென்று ஆனது. வீடு இருக்கிற கராச்சர்மா வளைவில் பஸ் திரும்பும்போதே அது என்ன பஸ் என்று சொல்லிவிடுவாள் ஜெயராணி. சட்டினியில் கிடந்த முடியையும் கண்டுபிடித்தாள். உதயசூரியனுக்கு அது அவ்வளவு சந்தோஷமான செய்தியில்லை. எல்லாம் சரி. கேரம் போர்டு மட்டும் கைவிட்டது.

ஜனவரி முழுக்க, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெக்கார்டு ரூமில் பயிற்சி. தங்கம்மா போட்டுக்கொண்டே இருப்பாள். ஜெயராணி விட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு திங்கட்கிழமை ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி விஜயன் வந்து, நல்ல மனுஷர்தான், தொண்டையைச் செருமினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பேர் குடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அக்கவுன்ட்ஸ் ஷோபனா நல்லா ஆடுது. தங்கம்மாகூட இந்த ஒரு வருஷம் அந்தப் பொண்ண...”

தங்கம்மா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தாள். “ஏன் சார், ஒங்க பொஞ்சாதிக்கு கண்ணு மங்குனா வேற ஆளப் போட்டுக்குவீங்களா?”

விஜயன் வந்த வழியே போய்விட்டார். தங்கம்மா சிரித்தாள். ஜெயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ரோஷம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. இவள் தன்னை விட்டுப் போகமாட்டாள். ஐந்தாவது ரன்னர் கோப்பையையும் வாங்கிக்கொண்டு, “அழகான அடிக்கா,” என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரப் போவாள். மார்ச்சுக்கு அப்புறம் ஜோடி இல்லை, ஆட்டமும் இல்லை. பெரிய கோப்பையைக் கையால் தொடாமலே தங்கம்மாவின் காலம் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கண் ஒரு வழிக்கு வரவில்லையென்றால் ஷோபனாவின் பேரைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்துவிடுவது என்று ஜெயராணி தீர்மானம் செய்தாள். தீர்மானம் செய்த கையோடு பாத்ரூமில் போய் ஒரு மூச்சு அழுதாள்.

அன்று சாயங்காலமே மறுபடி கிளினிக். இந்தக் கண்ணாடி வாங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை. அகிலா பொறுமைசாலி. எழுத்துப் பலகையைக் காட்டினாள்; ஜெயராணி கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தாள். சின்ன எழுத்து அட்டையைக் கொடுத்தாள், அதையும் படித்தாள்.

“ஆன்ட்டி, தூரமும் படிக்கிறீங்க, கிட்டயும் படிக்கிறீங்க. அப்புறம் என்னதான் தெரியல?”

“அது... பொதுவா ஒரு மாதிரி இருக்கும்மா.”

“பொதுவான்னா?”

ஜெயராணி புடவைத் தலைப்பைத் திருகினாள். அறுபது வயசை எட்டப்போகிற கவர்ன்மென்ட் மனுஷி, வாசலில் இருபது பேர் காத்திருக்கும்போது, எனக்குக் கேரம் ஆட முடியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? போன இரண்டு தடவையும் இப்படித்தான் முழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

உதயசூரியனுக்குப் பொறுக்கவில்லை. “கேரம்மா! கேரம் ஆடணும் இவளுக்கு! அந்தச் செவப்புக் காயின் தெரியலைன்னு வீட்ல சோறு எறங்கல. இங்க வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குறா.” சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், குரலைத் தாழ்த்தினார். “தப்பு என்னோடதுதான். சென்னைல எந்த லென்ஸ் வைக்கலாம்னு முடிவு பண்ண ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அம்மா அதிகமா என்ன செய்வாங்க, படிப்பாங்களா, தைப்பாங்களா, கம்ப்யூட்டரான்னு கேட்டாங்க. கேரம்னு எழுதினா சிரிப்பாங்களேன்னு, ஃபைல் பார்ப்பா, டிவி பார்ப்பான்னு எழுதிட்டேன்.”

“அடப் பாவி மனுஷா!” ஜெயராணி இருபது பேரையும் மறந்தாள். “முப்பத்தஞ்சு வருஷத்துல நான் எப்பங்க டிவி பார்த்தேன்? ரிமோட் உங்க கையில, பாக்குறது நீங்க, பேரு எனக்கா?”

அகிலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சண்டை வேண்டாம், ஆன்ட்டி. ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. உள்ள வைச்ச லென்ஸுக்கு ஒரே தூரம்தான், நம்ம பழைய லென்ஸ் மாதிரி தானா மாறிக்காது. மீதிய வெளியில கண்ணாடிதான் பார்க்கணும். உங்க கண்ணாடியில ஆறு மீட்டருக்கு வழி இருக்கு, புஸ்தகத்துக்கு வழி இருக்கு. நடுவுல இருக்கிற எடத்துக்கு வழியே இல்ல. அது இல்லாம உங்க கருவிழி பந்து மாதிரி இல்லாம லேசா முட்டை மாதிரி இருக்கு. கண்ணாடியக் கழட்டினா காயின் ஒன்றரையா தெரியுதுல்ல, அதனாலதான். இந்தக் கண்ணாடியில இருக்கிற மாதிரியே புதுசுலயும் அதுக்கு சிலிண்டர் பவர் சேர்க்கணும்.”

“சிலிண்டரா? புக் பண்ணினா எத்தனை நாள்ல வரும்?” என்றார் உதயசூரியன். இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

“போர்டு எவ்வளவு தூரத்துல இருக்கும், ஆன்ட்டி?”

“எதுக்குத் தூரம் கேக்குற? இந்தப் பக்கத்துக் குழி ஒரு முழம். எதிர்க்குழி ரெண்டு முழம். ரெட்டு நடுவுல. குனிஞ்சு அடிக்கிறப்ப ஒண்ணு, நிமிந்து பாக்குறப்ப ஒண்ணு.”

“அப்ப போர்டையே தூக்கிட்டு வாங்க!” என்றாள் அகிலா சிரிப்பினூடே.

பேச்சுக்குச் சொன்னாள். அதை உதயசூரியனிடம் சொல்லியிருக்கக் கூடாது. செய்த தப்புக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்த மனுஷர், புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கேரம் போர்டைப் பெட்ஷீட்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கராச்சர்மா பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஆட்டோ பிடிக்கலாம் என்று ஜெயராணி சொன்னதற்கு, “ஆட்டோல இது நுழையாது,” என்றார். பஸ்ஸிலும் அது நுழையவில்லை. சாய்த்து, திருப்பி, இறங்கப் போன ஒருவரின் முதுகில் இடித்து, ஒருவழியாக உள்ளே போனது.

கண்டக்டர் ஒரு வங்காளிப் பையன். “அரே ஆன்ட்டி, யே க்யா ஹை?”

“கேரம் போர்டு ஹை, பையா,” என்றார் உதயசூரியன். “ஆஸ்பத்திரி லேகே ஜா ரஹா ஹூ.” ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாராம்.

கண்டக்டர் போர்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “க்யோ? போர்டு பீமார் ஹை க்யா?”

போர்டுக்கு உடம்பு சரியில்லையா என்று அவன் கேட்டதில் பஸ் முழுக்கச் சிரித்தது. தெலுங்குக்காரப் பாட்டி ஒருத்தி எழுந்து, நோயாளிக்கு இடம் விடுவதுபோல், தன் சீட்டில் போர்டைச் சாய்த்துவைக்கச் சொன்னாள். ஜெயராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போர்டைப் பார்த்ததும் அகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அங்கிள், நான் சும்மா சொன்னேன்!”

“கொண்டாந்தாச்சு. இப்ப என்ன செய்ய?”

என்ன செய்ய? இரண்டு ஸ்டூலைப் போட்டுப் போர்டை வைத்தார்கள். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை ஜெயராணியின் மூக்கில் மாட்டினாள் அகிலா. பெட்டியிலிருந்து வட்ட வட்டமாக லென்ஸ் எடுத்துச் செருகினாள். ஒன்று போட்டாள். “அடிங்க ஆன்ட்டி.” ஸ்ட்ரைக்கர் காயை உரசாமல் போனது. வேறொன்று. இப்போது காயின் விளிம்பு தெரிந்தது, குழி தெரியவில்லை. சிலிண்டர் லென்ஸைச் செருகி, மெல்லத் திருகினாள். “சொல்லுங்க, எப்ப அந்த அரை போகுதோ அப்ப நிறுத்தச் சொல்லுங்க.”

ஜெயராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் காயையே பார்த்தாள். அந்த ஒட்டுண்ணி நிழல் காயைச் சுற்றி நகர்ந்தது, சுருங்கியது, இன்னும் சுருங்கியது. “நில்லு! நில்லு! போச்சு!” என்று கத்தினாள். சிவப்பு ஒன்றே ஒன்றாக, சுற்றிலும் கத்தரித்ததுபோல் விளிம்போடு, நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. நாலு குழியும் கறுப்பு வட்டமாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. போர்டில் ஓடிய கோடுகூடக் கோடாக இருந்தது.

அவள் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். சுண்டினாள். டப்பென்று சிவப்பு உள்ளே போனது. அடுத்ததாக ஒரு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மருந்தில் பார்வை மங்கியிருந்ததால் அவர்களுக்குக் காய் எங்கே, குழி எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. சத்தத்தை வைத்தே கைதட்டினார்கள். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “இங்க என்ன கிளப்பா நடக்குது?” என்றார். பிறகு அவரும் நின்று இரண்டு காய் பார்த்துவிட்டுத்தான் போனார்.

“இது போர்டுக்கு மட்டும் கண்ணாடி,” என்று அகிலா எழுதிக்கொடுத்தாள். “இதப் போட்டுட்டு ரோட்டுல நடக்காதீங்க. உங்க யோகம், இந்தப் பவர் லென்ஸ் கையிலயே இருக்கு. இல்லாட்டி மெயின்லேண்ட்ல இருந்து வரணும்.”

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி கைக்கு வந்தது. மதியம் ரெக்கார்டு ரூமில் ஜெயராணி தொடர்ச்சியாக ஆறு காய் போட்டாள். வேடிக்கை பார்க்க வந்த ஷோபனா, “மேடம், நான் ஸ்பேர்கூட இல்ல, ஆளை விடுங்க,” என்று கும்பிட்டாள். விஜயன் பட்டியலில் பழைய ஜோடியின் பேரையே எழுதிக்கொண்டு போனார். தங்கம்மா மட்டும் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எக்கா, இதுல என்னா மந்திரம் வச்சிருக்கு?”

“மந்திரமெல்லாம் இல்லடி. நடுவுல ஒரு ரெண்டு முழம் காணாமப் போயிருந்துச்சு. இப்பக் கெடச்சிருச்சு.”

பைனலுக்கு வந்தது மின்சாரத் துறை ஜோடி. போன வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அவர்கள்தான். அதில் ஒருத்தியான அமிர்தவல்லி சுண்டுவதைப் பார்த்தால் விரலா சுத்தியலா என்று சந்தேகம் வரும். முதல் கேம் அவர்களுக்கு. இரண்டாவது கேமைத் தங்கம்மா ஏறக்குறைய ஒற்றை ஆளாகவே வாங்கினாள். மூன்றாவது கேம் இழுத்துக்கொண்டே போய், கடைசிச் சுற்றுக்கு வந்து நின்றது. ஹாலில் ஃபேன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அப்போது போர்டில் இருந்தது மூன்றே காய்கள். இவர்களுக்கு ஒரு வெள்ளை, அவர்களுக்கு ஒரு கறுப்பு, நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே தன் காயையும் போடுகிறவருக்குக் கோப்பை. அந்த அடி தவறினால் சிவப்பு வெளியே வந்து மறுபடி நடுவில் உட்காரும். அடுத்தது அமிர்தவல்லியின் முறை, அவள் விடமாட்டாள். இப்போது முறை ஜெயராணிக்கு.

அவள் சிவப்பைப் பார்த்தாள். ஒன்று. ஒன்றே ஒன்று. சுண்டினாள். சிவப்பு வலது எதிர்க்குழியின் உதட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பிகு பண்ணிக்கொண்டு உள்ளே விழுந்தது. ஹாலில் ஒரு “ஹோ” எழுந்து அடங்கியது. உதயசூரியன் முன்வரிசையில் எழுந்து நின்று, பின்னாலிருப்பவர்கள் அதட்டவும் உட்கார்ந்தார்.

இனி வெள்ளை. அது இடது எதிர்க்குழியின் பக்கத்தில் இருந்தது. அதன் முன்னால் காவல்காரனைப்போல் கறுப்பு பாதி மறைத்துக்கொண்டு நின்றது. வெள்ளையின் ஓரத்தில் ஒரு நூல் அகலம்தான் திறந்திருந்தது. அந்த நூலை உரசினால் போதும். கறுப்பைத் தொட்டால் போச்சு. மூன்று வருஷமாகத் தன்னால் போனது, நாலு ரன்னர் கோப்பை, மார்ச் முப்பத்தொன்று, எல்லாம் அந்த நூலில் வந்து நின்றன. ஜெயராணி குறி பார்த்தாள். ஸ்ட்ரைக்கரை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

டபுள்ஸில் ஜோடிகள் பேசிக்கொள்ளக் கூடாது. ஆனால் பார்க்கக் கூடாது என்று விதியில்லை. ஜெயராணி நிமிர்ந்து எதிரே பார்த்தாள். தோற்ற மூன்று பைனலிலும் எதிர்சீட்டில் இருந்த தங்கம்மாவின் முகம் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. புகைக்குள் ஒரு புடவை உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் புகைக்குள்ளிருந்து தங்கம்மா தன்னை முறைத்துக்கொண்டிருப்பாள், தவித்துக்கொண்டிருப்பாள், இப்படி அடிங்கக்கா என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருப்பாள் என்றெல்லாம் நினைத்து நினைத்துத்தான் அத்தனை பைனலிலும் ஜெயராணியின் கை உதறியது.

இன்றைக்கு முகம் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது, மேலுதட்டு வியர்வை தெரிந்தது. தங்கம்மா முறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை ரிசல்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல், உதடு மட்டும் அசைய முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போர்டை அவள் பார்க்கவே இல்லை. பைனலில் ஜெயராணி அடித்த எந்த அடியையும் இவள் எந்தக் காலத்திலும் பார்த்திருக்கமாட்டாள் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதிராளியின் காயைப் போட்டதற்குக்கூட அழகான அடி என்றாளே, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாள், கழுதை!

ஜெயராணிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். அடக்கி முடித்தபோது பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. குனிந்தாள். நூல் இருந்த இடத்தில் இருந்தது. சுண்டினாள்.

ஸ்ட்ரைக்கர் கறுப்பைத் தொடாமல் போனது. வெள்ளை மெல்ல நகர்ந்து, குழியின் விளிம்பில் தலையைக் கவிழ்த்து, உள்ளே விழுந்தது. ஹால் வெடித்தது. நாற்காலிகள் உருண்டன. உதயசூரியன் யாரோ ஒரு மின்சாரத் துறை ஆபீஸரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அமிர்தவல்லி எழுந்து கை கொடுத்தாள். இத்தனை அமளியிலும் எதிர்சீட்டில் தங்கம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“எக்கா... உழுந்துச்சா?”

“கண்ணத் தொறந்து பாருடி!”

தங்கம்மா முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள். போர்டில் கறுப்பு மட்டும் தனியாக நின்றது. மற்றக் கண்ணையும் திறந்தாள். சுற்றி வருகிற பொறுமை அவளுக்கு இல்லை. போர்டின் மேலேயே விழுந்து ஜெயராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பவுடர் டப்பா கவிழ்ந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. புதுக் கண்ணாடி முழுக்கப் பவுடர் அப்பி ஜெயராணிக்கு ஒன்றுமே தெரியவில்லை. துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.